நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம்

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ரைட்டரம்மாவுக்கு விருது அறிவித்துவிட்டார்கள். வீடு சந்தோஷமாக இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் பதிப்பாளர் ஃபோன் பண்ணி, "ஒரு சின்ன விஷயம்மா" என்றார். அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தோம்.

சின்ன விஷயம் என்று ஆரம்பித்த எதுவாவது கடைசிவரை சின்னதாக இருந்து நீங்கள் பார்த்ததுண்டா?

ரைட்டரம்மா முப்பது வருடமாக நாவல் எழுதுகிறாள். எல்லாம் பெண்களைப் பற்றி. காத்திருக்கிற பெண்கள், கிளம்பிப் போகிற பெண்கள், கிளம்பத் தெரியாமல் வாசலிலேயே நிற்கிற பெண்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறவர்களும், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படித்துப் பொங்கவிட்டவர்களும் அவளுக்கு வாசகிகள். அறிஞர் பெருமக்கள் மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருவர் "மூக்குச் சிந்தும் இலக்கியம்" என்றார். இன்னொருவர் "பகல் தூக்கத்துக்கு உகந்தது" என்றார். நாவல் வளர்ந்த வரலாறு என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வந்தபோது, அதில் அவள் 'மற்றும் பலர்' என்ற பெயரில் இடம்பெற்றிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பற்றித்தான் இந்த வருடம் ஒரு பெரிய விமர்சகர் ஒரு கனமான பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் பார்த்துத்தான் விருதும் வந்தது.

கட்டுரை ஒரே ஓர் இடத்தைப் பற்றியது. நாவலின் நாயகி, புகுந்த வீட்டிலிருந்து ஒருநாள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். என்ன ஏது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி: 'அவள் அண்ணனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.' பக்கத்தைத் திருப்பினால்: 'மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது.' அவள் புருஷன் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

விமர்சகர் ஆடிப்போய்விட்டார். வாயைத் திறந்தவள் என்ன சொன்னாள்? ஒன்றுமில்லை! வெயில்! துணி! தானாகவே திரும்பிப் போய்விட்டாள்! பெண்ணின் மௌனத்தை இதற்குமேல் யார் எழுத முடியும்? பக்க எண் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று இருபத்தொன்பதுக்குத் தாவுவதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. உங்களையும் என்னையும் போன்றவர்களாக இருந்தால் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வந்திருப்போம். அவர் அடிக்குறிப்பு எழுதினார். 'எண்களையும் விழுங்கிவிட்ட மௌனம்' என்று.

பதிப்பாளர் ஃபோனில் சொன்ன சின்ன விஷயம் இதுதான். புத்தகத்தைப் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக அடித்து, மடித்து, சேர்த்துத் தைப்பார்கள். ஒவ்வொரு பதினாறும் ஒரு ஃபாரம். ஒரே ஒரு கட்டுப் புத்தகங்களில் மட்டும் பைண்டர் எட்டாவது ஃபாரத்தைச் சேர்க்க மறந்து தைத்துவிட்டார். கடைகளுக்குப் போனவை எல்லாம் முழுசு. விமர்சனத்துக்கும் விருதுக் குழுவுக்கும் போனது அந்தக் கட்டு.

கடையில் வாங்கிய வாசகிகளுக்கு அவள் என்ன பேசினாள் என்று தெரியும். ஆனால் அவர்கள் யாரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை.

காலையில் ரைட்டரம்மா எழுந்து வந்தபோது, வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில் பத்திரிகையும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் புரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனா இல்லாமல் பால் கவரைக்கூடப் படிக்கமாட்டார்.

"இதைக் கேளு. 'பேச்சைத் துறந்த பேச்சின் உச்சம்.' என்னா வார்த்தை! எத்தனை தடவை படிச்சாலும் அலுக்க மாட்டேங்குது."

"பத்து நாளா அதையேதான் படிக்கிறீங்க."

"ஒரு பிழை இல்லைம்மா. இவ்வளவு நீளக் கட்டுரையில ஒரு பிழை இல்லை. ஆள் பெரிய ஆளாத்தான் இருக்கணும்." பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார். "ராத்திரி பதிப்பாளர் என்னமோ சொன்னாரே?"

"சின்ன விஷயம்னார்."

"சின்ன விஷயம்னா விடு. ஞாயித்துக்கிழமை விழாவுல என்னையும் ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க, தெரியுமில்லே? எழுத்தாளரின் வெற்றிக்குப் பின்னால்."

"பின்னாலதானே, உக்காந்துக்கிட்டே பேசலாம்."

அவர் அதைக் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்து ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். விடுபட்டுப்போன பதினாறு பக்கத்தில் வருகிற அண்ணன் அவர்தான்.

இத்தனைக்கும் அந்தப் பக்கங்களுக்குப் புரூஃப் பார்த்தவரும் அவரேதான். இதே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் கமா போட்டு, "நல்லா வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். ரயில்வே கால அட்டவணையைத் திருத்திக் கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார் என்பது வேறு விஷயம். முப்பது வருடமாக ரைட்டரம்மாவின் ஒவ்வோர் எழுத்தையும் அவர் படித்திருக்கிறார். ஒரு வாக்கியத்தைக்கூடப் படித்ததில்லை.

பதிப்பாளர் அலுவலகம் மாடியில். படியிலேயே பசை வாடை ஆரம்பித்துவிடும். உள்ளே நாற்காலி என்று இருப்பது ஒன்றுதான்; மற்றவர்கள் விற்காத புத்தகக் கட்டுகளின்மேல் உட்கார வேண்டும். ரைட்டரம்மா உட்கார்ந்த கட்டு ஒரு பெரிய கவிஞருடையது. கெட்டியாக, ஆட்டம் இல்லாமல் இருந்தது.

"ரெண்டாம் பதிப்பும்மா," என்றார் பதிப்பாளர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். "அட்டையில விருது முத்திரை. உள்ளே விமர்சகரோட முன்னுரை. சாயங்காலம் அச்சுக்குப் போனாத்தான் ஞாயித்துக்கிழமை மேடைக்கு வரும். அதான், அந்த எட்டாவது ஃபாரத்தை..."

"இந்தத் தடவை மறக்காம சேர்க்கச் சொல்லுங்க."

"இல்லம்மா. இந்தத் தடவை மறந்தே விட்டுடலாம்னு பார்க்கறேன்."

பதிப்பாளர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அவ பேசினா முன்னுரை போச்சு. முன்னுரை போச்சுன்னா கட்டுரை போச்சு. கட்டுரை போச்சுன்னா, விருதுக் குழு எதைப் பார்த்துக் குடுத்தாங்க சொல்லுங்க?"

"அப்போ பக்க எண்ணை வரிசையா மாத்திடுவீங்களா?"

"ஐயையோ, அதைத் தொடவே கூடாது!" பேனா மூடி வாயிலிருந்து விழுந்தது. "நூத்தி பன்னெண்டுக்கு அப்புறம் நூத்தி இருபத்தொம்பதுதான். அடிக்குறிப்பே அதைப் பத்தித்தானேம்மா."

"கடையில வாங்கினவங்க வச்சிருக்கறதுல அவ பேசறாளே?"

"அது பழைய பதிப்பு. இது 'ஆசிரியரால் செம்மைப்படுத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது."

"பைண்டர் என்ன சொல்றார்?"

"பாவம், ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். இருப்பா, அவசரப்பட்டு மன்னிப்பெல்லாம் கேக்காதேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து விமர்சகரே படியேறி வந்தார். முன்னுரையைத் தபாலில் அனுப்ப மனசில்லாமல் கையோடு கொண்டுவந்திருந்தார். தொளதொளத்த சட்டை, தோளில் பை, ஒருமாதிரி எப்போதும் தூரத்தில் எதையோ பார்க்கிற கண். ரைட்டரம்மாவைக் கண்டதும் உட்காரப்போனவர் மறுபடி எழுந்தார்.

"அம்மையாரே! ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்த இடத்துல, அவ வாயைத் திறந்த இடத்துல, பேனாவைக் கீழே வைக்க எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

ரைட்டரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "நான் எங்கே வச்சேன்? பைண்டரைத்தான் கேக்கணும்."

விமர்சகர் கடகடவென்று சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! என்ன தன்னடக்கம்! என்ன எள்ளல்!" பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதை எழுதியே வைத்துக்கொண்டார். பதிப்பாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது ஒரு வசதிதான், என்று நினைத்துக்கொண்டு ரைட்டரம்மா கிளம்ப எழுந்தாள். அப்போதுதான் விமர்சகர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

"மூணாவது அத்தியாயத்துல," என்றார். குரலில் இருந்த மேடை இறங்கிப்போயிருந்தது. "ராத்திரி அவ கதவைச் சாத்தறப்ப, தாழ்ப்பாளை விரலால தாங்கிக்கிட்டே மெல்ல விடறா. சத்தம் கேட்டு அவன் முழிச்சுக்கக் கூடாதுன்னு. எங்க அம்மா அப்படித்தான் தாழ்ப்பாள் போடுவாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்லை. உங்க புத்தகத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அதை மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ரைட்டரம்மா மறுபடி கவிஞரின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி இதுவரை ஒருவர் கேட்டதில்லை. முப்பது வருடத்தில் எத்தனை தாழ்ப்பாள் எழுதியிருப்பாள்! ஒரு மனிதன், அதுவும் பத்திரிகைகளில் அச்சாகிற மனிதன், நிதானமாக வரி வரியாகப் படித்திருக்கிறான். அதிலும் பதினாறு பக்கம் குறைவு. மனசாரக் கோபித்துக்கொள்ள ஒரே ஓர் ஆள் கிடைத்திருந்தார். அவரும் இப்படிப் பேசிக் கெடுத்துவிட்டார்.

முன்னுரையின் ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டாள். "சாயங்காலம் ஃபோன் பண்றேம்மா," என்று பதிப்பாளர் வாசல்வரை வந்து சொன்னார். "ஆமா, இல்லை, ஏதோ ஒண்ணு."

அங்கிருந்து ரைட்டரம்மா நேராகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பல்லில் ஒன்றுமில்லை. அவளுடைய நாத்தனார் அங்கே வேலை செய்கிறாள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. வயது ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் இன்னும் 'சின்னவள்'தான்.

சின்னவளின் கதையும் சுருக்கமானதுதான். கல்யாணமான புதிதில் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வருவாள். அண்ணன் கொண்டுபோய் விடுவார். மறுபடி வருவாள்; மறுபடி கொண்டுபோய் விடுவார். ஒருநாள் அந்தப் புருஷன்காரன் வேறொரு குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் இடம் பெயர்ந்துவிட்டான். கொண்டுபோய் விட இடமில்லாததால் அண்ணன் தங்கையை வைத்துக்கொண்டார். "என் தங்கச்சியை நான்தான் வச்சுக் காப்பாத்தறேன்" என்று இன்றுவரை நாலு பேரிடம் சொல்கிறார். நாலு பேரும் தலையாட்டுகிறார்கள். அவர் அதைச் சொல்லும்போது தலைக்குமேல் ஓடுகிற மின்விசிறி சின்னவளின் சம்பளத்தில் ஓடுகிறது.

"என்ன அண்ணி, பல்லா?" சின்னவள் கவுன்ட்டருக்குப் பின்னால் பஞ்சை உருட்டி உருட்டி ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே யாருடைய பல்லையோ மெஷின் குடைந்துகொண்டிருந்தது. சுவரில் ஓர் ஆள் உயரப் பல் சிரித்தது. மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், ஒரு கன்னம் மட்டும் வீங்கினாற்போல, தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"பல்லு நல்லா இருக்கு. வேற ஒண்ணு."

ரைட்டரம்மா சொன்னாள். பைண்டர், கட்டு, எட்டாவது ஃபாரம், அடிக்குறிப்பு எல்லாவற்றையும். சின்னவள் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ இல்லாத பக்கத்துக்கா அண்ணி விருது?"

"அப்படித்தான் வருது."

"அதைத் தைக்க மறந்தவரைக் கூப்பிட்டுல்ல மாலை போடணும்!"

மரத்த கன்னக்காரரும் பாதி முகத்தால் சிரித்தார். பிறகு சின்னவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"நான் சொன்னதெல்லாம் அந்தப் பக்கத்துலதானே இருந்தது?"

"ஆமா."

"இப்போ அது வேண்டாங்கறாங்களா?"

"அது இல்லாம இருந்தாத்தான் உயர்வாம்."

"இல்லாட்டி அவ எப்படி அண்ணி திரும்பிப் போறா? கதையில?"

"தானாவே போயிடறா. அதுதான் அழகாம்."

சின்னவள் ஒரு பஞ்சை எடுத்தாள்; உருட்டவில்லை. "நான் தானா போகலையே அண்ணி," என்றாள்.

உள்ளே மெஷின் நின்றது. யாரோ வாய் கொப்பளித்துத் துப்பினார்கள்.

ரைட்டரம்மாவிடம் தன் கதையை எழுதச் சொன்னவளே சின்னவள்தான். "நேரே உங்க அண்ணன்கிட்ட சொல்லேன்" என்று ரைட்டரம்மா கேட்டபோது, "நான் சொன்னா சண்டை. நீங்க எழுதினா இலக்கியம். சண்டைன்னா எழுந்து போயிடுவார். இலக்கியத்தை உக்காந்து படிப்பார்" என்று சொன்னாள். அண்ணனைப் பற்றி எல்லாம் தெரிந்தவள், அவர் படிக்கிற விதம் மட்டும் தெரியாதவள்.

"புத்தகம் வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள் இப்போது. "டீ குடுக்கும்போது பார்ப்பேன். பேப்பர் படிக்கும்போது பார்ப்பேன். ஒண்ணுமே தெரியாது. சரி, படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கார், அதுவும் ஒரு பதில்தான்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

"அவர் படிக்கலை சின்னவளே. புரூஃப் பார்த்தார்."

"ரெண்டும் ஒண்ணில்லையா?"

"இல்லை."

சின்னவள் அதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்றாள். ரைட்டரம்மா காத்திருந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவோம்: அவள் வந்தது சேதி சொல்ல மட்டுமல்ல. சின்னவள் 'அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க' என்று சொல்லிவிட்டால், விருதைத் தியாகம் செய்தவள் என்ற பெயராவது மிஞ்சும். 'போகட்டும் அண்ணி, எடுத்துடுங்க' என்று சொல்லிவிட்டால், விருதே மிஞ்சும். எதுவானாலும் ராத்திரி தூங்கலாம்.

"நீ என்ன சொல்றே?"

"நானா?" சின்னவள் நிமிர்ந்தாள். "முப்பது வருஷமா உங்களை யாரும் மதிக்கலை. எனக்குத் தெரியாதா? அந்த 'மற்றும் பலர்' வந்த அன்னைக்கு நீங்க பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதீங்க. எடுக்கணும்னா எடுங்க. உங்க புத்தகம். ஆனா சின்னவளைக் கேட்டுத்தான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க அண்ணா ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுத்தான் கொண்டுபோய் விட்டார். 'போறியாம்மா'ன்னு கேட்பார். பெட்டி அதுக்குள்ள வண்டியில இருக்கும்."

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். சின்னவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மரத்த கன்னக்காரர் ரைட்டரம்மாவைப் பார்த்து மிகவும் உணர்ச்சியோடு ஏதோ சொன்னார். ஒரு எழுத்தும் புரியவில்லை. அவரும் ஒரு விமர்சகராக இருக்கலாம்.

சாயங்காலம் ரைட்டரம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மனைவியின் நூல்களில் இதுவரை ஒரு அச்சுப்பிழைகூட..." கண்ணாடியில் அவளைப் பார்த்துத் திரும்பினார். "எப்படி இருக்கு?"

"உண்மைதானே. சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சோபாவில் சாய்ந்தாள். கால் வலித்தது. கால் மட்டும் என்று சொல்வதற்கில்லை. ஐம்பது தாண்டி அறுபதைத் தொடும் வயதில், ஒரே ஒரு தடவை, 'மற்றும் பலர்' இல்லாமல் தன் பெயரோடு ஒரு வாக்கியத்தில் இருக்க ஆசைப்பட்டது குற்றமா? பதினாறு பக்கம்தானே. எத்தனை அத்தியாயத்தை எத்தனை பத்திரிகைக்காரர்கள் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று வெட்டியிருக்கிறார்கள்! அதற்கெல்லாம் யார் அழுதார்கள்? அவள் அழவில்லை. வெட்டியது போக மிச்சத்தைத் தைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு எழுத உட்கார்ந்தாள்.

சின்னவள் வேலை முடிந்து வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு, மூன்று டம்ளர் டீயோடு கூடத்துக்கு வந்தாள். ரைட்டரம்மா கொண்டுவந்த முன்னுரை மேஜையில் கிடந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அடடா, புதுசா ஒரு வரி சேர்த்திருக்கார். கேளுங்க ரெண்டு பேரும். 'அவள் பேசியிருந்தால் அது வெறும் புகார். பேசாததால் அது காவியம்.' ஆஹா! சின்னவளே, கேட்டியா? பொம்பளைங்க பேசாம இருக்கறதுக்கு எவ்வளவு மதிப்பு பாரு."

அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான் அவருடைய வழக்கமே.

"அண்ணா," என்றாள் சின்னவள், "அவ பேசினா."

"யாரு?"

"கதையில வர்ற பொண்ணு. பதினாறு பக்கம் பேசினா. அண்ணி எழுதியிருக்காங்க. நீங்க புரூஃப் பார்த்திருக்கீங்க."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "கட்டுரையில அப்படி இல்லையே?"

"அவருக்குப் போன பிரதியில அந்தப் பக்கமெல்லாம் இல்லை," என்றாள் ரைட்டரம்மா. "பைண்டிங்ல விட்டுப்போச்சு."

"பக்கம் விட்டுப்போச்சா!" அவர் முகம் சிவந்தது. முப்பத்தைந்து வருடத்துத் தொழில் ரத்தம் தலைக்கேறியது. "ஒரு ஃபாரம் முழுசாவா? என்ன அஜாக்கிரதை! தைக்கறதுக்கு முன்னால வரிசை சரிபார்க்கறதில்லையா? எங்க ஆபீஸ்லயா இருந்தா அன்னைக்கே..."

"அவ என்ன பேசினான்னு கேளுங்க அண்ணா."

அவர் நிறுத்தினார். "என்ன பேசினா?"

சின்னவள் டீயை ஒரு வாய் குடித்தாள். பல் ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

"'நான் போக மாட்டேன்'னு சொன்னா. அண்ணன் வீட்டு கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு. முழங்கை வீங்கியிருந்தது, அதைக் காட்டினா. அண்ணன் பார்த்தார். நல்லாத்தான் பார்த்தார். பார்த்துட்டு, 'சரியாப் போயிடும்மா, ஊர் என்ன சொல்லும்'னார். பெட்டியைத் தூக்கி வண்டியில வச்சார்."

வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் மடியிலேயே கிடந்தது.

"ஊர் ஒண்ணும் சொல்லலை அண்ணா. நான் வந்தப்பவும் சொல்லலை, போனப்பவும் சொல்லலை. ஊருக்கு வேற வேலை இருந்தது."

"நான் நல்லதுக்குன்னு நினைச்சுத்தானே..."

"தெரியும். அதையும் அண்ணி எழுதியிருக்காங்க. அந்த வரியிலதான் நீங்க கமா போட்டீங்க."

ரைட்டரம்மா இந்த மாதிரிக் காட்சிகளை எத்தனையோ எழுதியிருக்கிறாள். அவள் எழுதினால் யாராவது அழுவார்கள், யாராவது காலில் விழுவார்கள், குறைந்தபட்சம் ஒரு டம்ளராவது உருளும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் தன் டம்ளரையும் அண்ணியின் டம்ளரையும் எடுத்தாள். அண்ணனுடையதில் பாதி டீ இருந்தது.

"குடிக்கப் போறீங்களா, எடுத்துடவா?"

"இருக்கட்டும்," என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். ஃபோன் அடித்தது.

"பதிப்பாளரா?" என்றார் வீட்டுக்காரர். ரைட்டரம்மா பதில் சொல்லுமுன் அவரே சொன்னார்: "அந்தப் பக்கம்... அது இல்லாமயே வரட்டுமே. எனக்காகச் சொல்லலை. உனக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நல்லது வருது. எதுக்கு?"

ரைட்டரம்மா அவரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை வெள்ளிக்கிழமையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு வயதான மனிதர். அவரைக் கெட்டவர் என்று எழுத அவளால் முடிந்ததில்லை. அந்தப் பதினாறு பக்கத்திலும் முடியவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவருக்காகப் பாவப்பட்டுப் பாவப்பட்டே, ஒருத்தி தானாகத் திரும்பிப் போனாள் என்று ஊர் பூராவும் அச்சடித்துக் கொடுக்க முடியுமா?

ஃபோனை எடுத்தாள்.

"எல்லா ஃபாரத்தையும் சேர்த்து அடிங்க."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

"முன்னுரை?"

"அவர்கிட்ட நானே பேசறேன்."

"விருதும்மா?"

"குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்கலைன்னா ஞாயித்துக்கிழமை வீட்ல படுத்துத் தூங்கறேன். தூங்கியும் நாளாச்சு."

வைத்துவிட்டாள். உடனே விமர்சகரின் எண்ணைத் தேடி அழுத்தினாள். கொஞ்சம் தாமதித்தால் தைரியம் போய்விடும் என்பதல்ல. கொஞ்சம் தாமதித்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

"அம்மையாரே!" முதல் மணியிலேயே எடுத்தார். "முன்னுரை படிச்சுட்டீங்களா?"

"படிச்சேன். நூத்தி பன்னெண்டாம் பக்கத்துக்கு அப்புறம்..."

"ஆஹா, அந்த மௌனம்!"

"மௌனம் இல்லைங்க. அங்க பதினாறு பக்கம் இருக்கு. உங்களுக்கு வந்த பிரதியில சேர்க்காம தைச்சுட்டாங்க. காலையில நான் சொன்னது வேடிக்கை இல்லை. அவ வாயைத் திறந்து பேசறா. தானா திரும்பிப் போகலை. கொண்டுபோய் விடறாங்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி மெல்ல நகர்ந்தது.

ரைட்டரம்மா காத்திருந்தாள். அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் முழுப் பிரதி ஒன்று இருந்தது. அவள் என்ன பேசினாள் என்று மட்டும் அவர் கேட்டுவிட்டால் போதும். களைப்பு, கால்வலி எல்லாவற்றையும் மறந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் ஃபோனிலேயே அவருக்குப் படித்துக் காட்டிவிடுவாள். கேட்பார். தாழ்ப்பாளைக் கவனித்த மனிதர் கேட்காமல் இருப்பாரா?

"அம்மா," என்றார் விமர்சகர் கடைசியில். அம்மையார் அம்மாவாகியிருந்தாள். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. "இது வேற யாருக்காவது தெரியுமா?"

ரைட்டரம்மா நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் சின்னவள் ஈரக் கையோடு நின்றிருந்தாள். நாற்காலியில் வீட்டுக்காரர், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."